மூன்று தம்ளர் தண்ணீர்

1

இன்று காலை ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, சாரல் அடிக்கும் ஜன்னல் ஓரம் நின்று தனியாகச் சிரித்துத் தீர்த்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ரெனாட்டா அம்மாளுக்கு வேலை நேரத்தில் யாராவது சிரித்தால் ஏதோ கண்ணாடிக் குடுவை உடைந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மொரப்பூரில் பலர் நான் ஜெர்மனியில் நர்ஸாக இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் படித்தது வேதியியல். கல்யாணமாகிச் சில வருடம் கழித்து மேற்கு ஜெர்மனிக்கு வந்து, ரைன் நதிக்கரையில் ஒரு சின்ன ஊரில் பிளாஸ்டிக் தட்டுகளைச் சோதித்துப் பிழைக்கிறேன்.

இங்கே கடைகளில் சமைத்த சாப்பாட்டைப் பிளாஸ்டிக் தட்டில் அடைத்து, கல்லாக உறைய வைத்து விற்கிறார்கள். வாங்கிவந்து தட்டோடு ஓவனில் வைத்தால் போதும். கொதிக்கக் கொதிக்கச் சாப்பாடு வந்துவிடும். அந்தத் தட்டு சூட்டில் உருகாமல் நின்றால் மட்டும் போதாது, தன்னிடம் உள்ளதைச் சாப்பாட்டில் இறக்கிவிடாமலும் இருக்க வேண்டும். அதற்காகத் தட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, ஆலிவ் எண்ணெயில் போட்டு, ஓவனில் சுட வைத்து, எடுத்துத் துடைத்து எடை போடுவோம். துண்டு குடித்த எண்ணெயையும் கழித்துப் பார்த்து எடை குறைந்திருந்தால், குறைந்தது எண்ணெய்க்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஓவன் கண்ணாடிக்குள் மஞ்சள் விளக்கின் கீழே எண்ணெய் மெல்ல நெளிந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். பகலில் கனவு காணச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

வாரத்தில் சில நாள் நாக்குக்கும் வேலை உண்டு. தட்டில் தண்ணீர் ஊற்றிச் சுட வைத்து, ஆறிய பிறகு எங்களுக்குக் குடிக்கத் தருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன மர அறை. உள்ளே சிவப்பு பல்ப் எரியும், நிறத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று. முன்னால் மூன்று தம்ளர். இரண்டில் ஒரே தண்ணீர், ஒன்றில் மட்டும் தட்டில் சுட வைத்த தண்ணீர். அந்த வேறான ஒன்றைக் கண்டுபிடித்துத் தாளில் எழுத வேண்டும். அன்றைக்குக் காபி, வெங்காயம், தலைக்குத் தேங்காய் எண்ணெய் எல்லாம் கூடாது. பேச்சும் கூடாது. நான் சேர்ந்த புதிதில் தலையை நம் ஊர்ப் பாணியில் ஆட்டினேன். ஆமாம் என்று நான் ஆட்டியதை இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். என் தலையால் ஒரு தட்டை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டி வந்தது.

இன்று ஒரு புதுப் பெண் வந்தாள். மூன்று தம்ளரையும் குடித்துவிட்டு அறையிலிருந்து தலையை நீட்டி, "எல்லாமே நன்றாக இருக்கிறது" என்றாள். ரெனாட்டா அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நன்றாக இருக்கிறதா என்று உங்களை யாரும் கேட்கவில்லை. எது வேறு என்றுதான் கேட்டோம்."

அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் சிரித்தாய் என்று கேட்டால், மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் இஸ்மாயில் பாயின் பேக்கரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் ஜெர்மன் மொழி அவ்வளவு தூரம் போகாது.

2

இந்த மாதத்தோடு நாங்கள் இங்கே வந்து பத்து வருடம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் முத்திரை வாங்கப் போனபோது, அங்கிருந்த அதிகாரி வழக்கம்போல என் இனிஷியலில் சிக்கிக்கொண்டார். அந்த ஒற்றை எழுத்து என் அப்பா என்று சொன்னேன். முழு அப்பாவும் எங்கே என்று கேட்டார். வேலை என்ற இடத்தில் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பதும் உண்டு என்று விளக்கினேன். இதற்கு இந்தியாவிலிருந்து ஆள் வர வேண்டுமா என்று முணுமுணுத்தபடி முத்திரை குத்தினார்.

என்னோடு வந்திருந்த மகள் அதைக் கேட்டுச் சிரித்தாள். தேன்மொழிக்கு இப்போது பதினான்கு வயது. பெயரில் இருக்கும் மொழி வாயில் கிடையாது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும், அதுவும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக. சாம்பார் வைத்தால் "வாடை", பொரியல் வைத்தால் "எண்ணெய்", ரசம் வைத்தால் ஜன்னலைத் திறந்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது நான் சோதிக்கும் அதே தட்டில் வரும் பாஸ்தா. நான் காலையில் நல்ல தட்டு என்று எழுதிக் கொடுத்ததை அவள் மாலையில் ஓவனில் வைக்கிறாள்.

வெளிப்படையாகப் பேசுவது நல்லதுதானே என்று என் கணவர் சொல்வார். நல்லதுதான். ஆனால் எனக்கு ஒரு பயம் உண்டு. தட்டிலிருந்து சாப்பாட்டுக்கு இறங்குவதை எடை போட்டுச் சொல்லிவிடுவேன். என்னிடமிருந்து இவளுக்குள் ஏதாவது இறங்கியிருக்கிறதா என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால், மார்கழியில், என் கணவருக்கு லீவு கிடைக்காமல் நானும் தேன்மொழியும் மட்டும் ஊருக்குப் போயிருந்தோம். மொரப்பூரில் இறங்கியபோது பொழுது விடியவில்லை. பனிக்குள் ரயில் போய் மறைந்ததும் பேக்கரி அடுப்பின் வாசனை வந்தது. ரொட்டியும் சவுக்கு விறகும் கலந்த வாசனை. ஸ்வெட்டரோடு நின்ற தேன்மொழி மூக்கை உறிஞ்சினாள். வாடை என்று சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். பசிக்கிறது என்றாள்.

இஸ்மாயில் பாயும் எங்கள் குடும்பமும் பக்கத்துப் பக்கத்துச் சுவர். என் அக்கா சரோஜாவுக்கு அவர் கூடப்பிறக்காத அண்ணன் மாதிரி. அன்றைக்கு என்னைப் பார்த்ததும் மாவுக் கையைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டார்.

"வாம்மா மங்கை! உன்னைத்தான் கண்ணு எதிர்பாத்துக்கிட்டு இருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லோணும்."

விஷயம் இதுதான். அதற்கு முந்தின தடவை வந்தபோது, சோதனைக்கு வந்து மிஞ்சிய புதுத் தட்டுகள் கொஞ்சம் அக்காவுக்குக் கொண்டுவந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் காலி டப்பாவைக்கூட விட மாட்டோம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அக்கா ஒரு தட்டில் எள்ளுருண்டை வைத்து பாய் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். பாய்க்கு அந்தத் தட்டைப் பார்த்ததும் ஆசை. அடுப்பில் வைத்துப் பார்த்திருக்கிறார். தட்டு அசையவில்லை.

"பிளாஸ்டிக்கு, நெருப்புக்கு அசையலம்மா! அன்னிக்கி ராத்திரி எனக்குத் தூக்கமே வல்ல" என்றார்.

தட்டிலேயே கேக்கைச் சுட்டு, தட்டோடு ரயில் பயணிகள் கையில் கொடுத்துவிடலாம் என்பது அவர் திட்டம். பெங்களூருக்குப் போனவர் ஏதோ சந்தில் அதே மாதிரி வெள்ளைத் தட்டுகளைப் பார்த்து மூட்டையாகவே வாங்கிவந்துவிட்டார். அடுப்பில் வைக்கலாம் என்று விற்றவன் சத்தியம் செய்தானாம். அந்த நம்பிக்கையில் பழைய தகர கேக் அச்சுகளையெல்லாம் கடத்தூரில் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். புது வருட கேக்குக்கு ஆர்டரும் வாங்கிவிட்டார். கடைக்குள் ஒரு புது போர்டு சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. திருப்பிக் காட்டினார். சிவப்பு எழுத்தில், "ஜெர்மனியில் சோதித்த தட்டில் சுட்ட கேக்" என்று எழுதியிருந்தது. பெயின்ட் இன்னும் ஒட்டியது.

"நீ வந்ததும் மாட்டலாம்னு வெச்சிருக்கறேன். நல்ல தட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா போதும். அப்புறம் எவன் என்னைக் கேப்பான்?"

நான் தட்டை வாங்கித் தடவிப் பார்த்தேன். நான் கொண்டுவந்தது போலவேதான் இருந்தது. ஆனால் இது என்ன பிளாஸ்டிக், யார் செய்தது, எதற்காகச் செய்தது, ஒன்றும் தெரியாது. சோதிக்காமல் எப்படிச் சொல்வது பாய் என்று கேட்டேன்.

"சோதிச்சிரும்மா. அடுப்பு இருக்குது, தட்டு இருக்குது, நீ இருக்கற. வேறென்ன வேணும்?"

4

வேறு என்ன வேண்டும் என்று நான் ஒரு பட்டியலே போட்டிருப்பேன். ஜெர்மனியில் ஒரு தூசியை எடை போடும் தராசு இருக்கிறது. பாயிடம் மைதா நிறுக்கும் தராசு இருந்தது. வெப்பமானி கிடையாது. ரொட்டி எடுத்த பிறகு சூடு தணியும் நேரத்தில்தான் கேக் வைப்பார். அந்த நேரத்தில் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மூடி உள்ளே தள்ளச் சொன்னேன். அதே கிணற்றுத் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி அதையும் மூடிப் பக்கத்தில் வைத்தோம்.

வெளியே எடுத்தபோது தட்டு கொஞ்சம் இளகியிருந்ததே தவிர உருக்குலையவில்லை. பாய் ஜெயித்துவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். நின்றால் மட்டும் போதாது, குடித்துப் பார்க்க வேண்டும் என்றேன். தண்ணீரை ஆறவிட்டு, ஒரே மாதிரி மூன்று தம்ளரில் ஊற்றினேன். முதல் இரண்டில் பாத்திரத்துத் தண்ணீர், மூன்றாவதில் தட்டுத் தண்ணீர்.

நான்தான் முதலில் குடித்தேன். மூன்றாவது தம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோகும்போதே தெரிந்துவிட்டது. புது மழைக்கோட்டை வெயிலில் விரித்தால் வருமே, அந்த வாடை. தொண்டையில் ஒரு கசப்பு வேறு நின்றது. நாக்குக்குத் தெரியாமல் இறங்குவதையெல்லாம் எடை போட்டுத்தான் பார்க்க முடியும். நாக்குக்கே தெரிகிற அளவு இறங்கும் தட்டுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை.

நான் சொல்லியிருந்தால் பாய் கேட்டிருப்பார். ஆனால் ஜெர்மனிக்காரி சொன்னாள் என்றுதான் கேட்டிருப்பார். நான் விமானம் ஏறியதும் இன்னொருவன் வேறொரு மூட்டையோடு வந்து சத்தியம் செய்வான். அவர் நாக்கே அவருக்குச் சொன்னால்தான் நிற்கும் என்று எனக்குப் பட்டது. அதனால் முகத்தில் எதையும் காட்டாமல், எல்லாரும் குடித்துப் பாருங்கள், எது வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

அக்கா குடித்தாள். மூன்றாவதில் அவள் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

"நல்லாத்தான் இருக்குது. நம்ம பாய் வூட்டுத் தண்ணிக்கு என்னடி கொற?"

பாயின் மனைவி மும்தாஜ் அக்கா மூன்றையும் மடமடவென்று குடித்து முந்தானையால் வாயைத் துடைத்தார். "எல்லாம் நல்லாருக்குதும்மா. மூணாவது கொஞ்சம் வாசனையாவே இருக்குது" என்றார்.

பாய் குடித்தார். அவர் முகத்தில் ஒரு நிழல் வந்தது. ஆனால் இரண்டு பெண்களும் நல்லா இருக்கிறது என்று சொல்லிவிட்ட பிறகு தான் மட்டும் எப்படிக் குறை சொல்வது? "நல்லாருக்குதில்ல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. சிவப்பு பல்ப் இல்லை, மர அறை இல்லை. அதெல்லாம் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. அடுத்தவர் வீட்டில் கொடுத்ததை வாயில் வைத்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்ல எங்கள் தருமபுரிப் பக்கத்தில் ஒருவருக்கும் வாய் வராது. விஷத்தைக் கொடுத்தாலும் உப்பு மட்டும் கொஞ்சம் போட்டிருக்கலாமுங்க என்று சொல்லிக் குடித்துவிடுவார்கள். நானும் இந்த மண்ணில்தானே வளர்ந்தேன், இது எனக்கு எப்படி மறந்துபோனது?

மிச்சமிருந்தது தேன்மொழிதான். என் சாம்பாருக்கு ஜன்னலைத் திறக்கிறவள். உண்மையைச் சொல்ல ஜெர்மனியில் பழகிய நாக்கு. சொல்லட்டும் என்று அவளிடம் தம்ளரை நீட்டினேன்.

முதல் இரண்டைக் குடித்தாள். மூன்றாவதில் முகம் கோணிப்போனது. துப்பிவிடுவாள் என்றே நினைத்தேன். பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அவளுக்கென்று சூடாகத் தேங்காய் பன் எடுத்துக் கொடுத்தவர், மாவில் சின்ன ஆமை செய்து காட்டியவர். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"நல்லா இருக்குங்க மாமா."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு 'ங்க' அதற்கு முன் வந்ததே இல்லை. எங்கே கற்றாள், எப்போது கற்றாள் என்று எனக்குத் தெரியாது. சோதனை பாழாய்ப் போயிற்று. ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "புகை கண்ணுல பட்டுருச்சா?" என்று கேட்டாள்.

5

ஆய்வுக்கூடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுவோம். சாயங்காலப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஸ்டேஷனில் சேலம் போகும் வண்டிக்கு மணி அடித்தார்கள்.

மூன்று தம்ளரையும் மறுபடி நிரப்பி, அதே வரிசையில் மேஜைமேல் வைத்தேன்.

"மும்தாஜ் அக்கா, இப்ப அந்த வண்டியில உங்க மக வூட்டுச் சம்பந்தி வந்து எறங்குறாங்க. தண்ணி கேக்கறாங்க. எடுத்துக் குடுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. முதல் இரண்டு தம்ளரையும் முன்னால் நகர்த்தினார். மூன்றாவதை ரொட்டித் தட்டுக்குப் பின்னால் தள்ளினார், வீட்டுக்கு யாராவது வந்தால் நசுங்கிய பாத்திரத்தை ஒளித்து வைப்போமே, அப்படி. அக்கா அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடியும் விட்டாள்.

மும்தாஜ் அக்காவுக்குத் தன் கை என்ன செய்தது என்று அப்போதுதான் உறைத்தது போல. கையை மெதுவாக இழுத்துக்கொண்டார். பாய் அந்த ரொட்டித் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அக்காவின் கையை விலக்கி, மூன்றாவது தம்ளரை எடுத்து, இந்த முறை நிதானமாக மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்தார்.

"ரயில்ல போறவங்களும் யாரோ ஒருத்தருக்குச் சம்பந்திதானம்மா" என்றார்.

மீதியை வாசலில் கொட்டினார். திரும்பி வந்து, மூட்டையின் வாயைச் சணலால் கட்டினார். வாங்கும்போது எவ்வளவு ஆசையாக அவிழ்த்திருப்பார்! மன்னித்துவிடுங்கள் பாய் என்றேன்.

"நீ என்னம்மா பண்ணுவ. நீ வாயவே தொறக்கலையே" என்று சிரித்தார். சிரிப்பு பாதிதான் வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் கடத்தூருக்குப் போனார். அச்சுகளை ஏற்கெனவே நசுக்கி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார். பிறகு ரொட்டி அச்சிலேயே கேக்கை ஊற்றினார். அந்தப் புது வருடத்துக்கு மொரப்பூரில் எல்லாரும் ரொட்டி வடிவத்தில்தான் கேக் சாப்பிட்டார்கள். போர்டில் ஜெர்மனிக்குமேல் வெள்ளை அடித்து, அதன்மேல் "இன்று கேக் உண்டு" என்று எழுதியாயிற்று. உற்றுப் பார்த்தால் உள்ளே ஜெர்மனி இன்னும் மங்கலாகத் தெரியும். தட்டுகளில் அக்கா ஓட்டை போட்டு மிளகாய் நாற்று விட்டிருந்தாள்.

6

விமானத்தில் ஏறியதுமே தேன்மொழி ஜெர்மனுக்குத் திரும்பிவிட்டாள். அந்த 'ங்க' எங்கே போனதென்று தெரியவில்லை. வந்த கொஞ்ச நாள் நான் தூண்டில் போட்டுப் பார்த்தேன். மாட்டவில்லை. பிறகு விட்டுவிட்டேன். தணிந்த அடுப்பு போல உள்ளே ஏதாவது கனகனப்பு இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன். பாதி நாள் அதை நம்பமாட்டேன்.

இன்று சிரித்த சிரிப்பில் ஊர் ஞாபகம் வந்து, மாலையில் தக்காளி சாதம் செய்தேன். கடுகு, பட்டை, கொத்தமல்லி எல்லாம் போட்டு. என் கணவருக்கு இரவு ஷிப்ட். தேன்மொழி வந்து ஒரு ஸ்பூன் வாயில் வைத்துப் பார்த்தாள்.

"உப்பு கூட. கடுகு வாடை."

சொல்லிவிட்டுத் தன் பாஸ்தாவை ஓவனிலிருந்து எடுத்தாள். மேலே பாலாடைக்கட்டி பொன்னிறமாகப் பொங்கியிருந்தது. நல்ல தட்டு, நானே சோதித்தது. மேஜையின் நடுவில் வைத்தாள். நான் என் சட்டியை ஓரமாக நகர்த்திக்கொண்டேன்.

அப்போது மணி அடித்தது. மேல்மாடியில் தனியாக இருக்கும் ஹெல்கா அம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார். அவர் வீட்டு ஹீட்டர் நின்றுபோய்விட்டதாம், ஆள் நாளைக்குத்தான் வருவானாம், கொஞ்ச நேரம் இங்கே உட்காரலாமா என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டு அவர் கம்பளியை வாங்கி மாட்டிவிட்டுத் திரும்பினேன்.

தேன்மொழி எங்களைப் பார்க்கவில்லை. பாஸ்தா தட்டை மேஜையின் நடுவிலிருந்து எடுத்து, ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் தள்ளினாள். என் சட்டியை இரண்டு கையாலும் தூக்கி அந்த இடத்தில் வைத்தாள். அலமாரியிலிருந்து நல்ல பீங்கான் தட்டை எடுத்துத் துடைத்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

"உட்காருங்கள்" என்றாள் ஹெல்கா அம்மாளிடம், ஜெர்மனில்தான். "அம்மா செய்தது."

ஹெல்கா அம்மாள் சாப்பிட்டார். மிக மிக நன்றாக இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது என் காதில் சரியாக விழவில்லை. ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் ஆறிக்கொண்டிருந்த அந்தத் தட்டையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.